மூணாவது மாடி: மின்னாத பல்பு

அன்றைக்குக் காலையில் வீட்டை விட்டுக் கிளம்புமுன் அவர் கடைசியாகச் செய்த வேலை, வாசல் மணியை அமுக்கிவிட்டு ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தது.

உள்ளே அவள் தையல் மெஷின் முன்னால் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். தலைக்கு மேலே தகரக் குடைக்குள் இருந்த பல்பு ஒருமுறை அணைந்து பச்சையாக எரிந்தது. மறுபடி அணைந்து பச்சையாக எரிந்தது. பிறகு பழையபடி வெள்ளைக்கு வந்துவிட்டது.

முந்தின நாள்வரை அது வெள்ளையாகத்தான் மின்னிக்கொண்டிருந்தது. வெயில் நேரத்தில் வெள்ளை மின்னுவது கண்ணில் படுவதில்லை என்று அவள் சாப்பிடும்போது பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருந்தாள். அதற்காகத்தான் ஷூவைப் போட்ட பிறகும் வாசலிலேயே நின்று ஃபோனை நோண்டிப் பச்சைக்கு மாற்றினார்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. துணி பாதித் தையலில் இருந்தது. இடது கையை மட்டும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினாள். தெரிந்தது, போய் வாருங்கள் என்று அதற்கு அர்த்தம். அவர் அதைப் பார்த்திருப்பார். பார்த்துவிட்டுத்தான் போயிருப்பார்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். அன்று ஒரு கட்டடத்தில் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுபோயிருந்தது. படியேறிப் போனார், சரிசெய்தார், ஆட்கள் ஏறி இறங்குவதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். கையைத் துடைக்கப் படிக்கட்டில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவ்வளவுதான். அந்த லிஃப்ட் இப்போதும் நன்றாக ஓடுகிறது என்று அவருடைய கம்பெனியிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். எதற்குச் சொன்னார்கள் என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது.

இத்தனை வாரமாக இந்தத் தொடரில் இந்த வீட்டுக்குள் வந்து போகிறவர்களுக்கு மற்றதெல்லாம் நினைவிருக்கும். மறந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. அவளுக்குக் காது பல வருடங்களாக மந்தம். காதில் மெஷின் வைத்தால் பேச்சு கேட்கும். ஆனால் அதை வைத்துக்கொண்டு தைக்க முடியாது, தையல் மோட்டாரின் இரைச்சல் மண்டைக்குள் புகுந்து ரம்பம் போடும். ‘உங்கம்மாவுக்கு ஒரு நேரத்துக்கு ஒரு மெஷின்தான்’ என்று அவர் பிள்ளைகளிடம் சொல்லிச் சிரிப்பார். வாசலில் யாராவது வந்தால் அவளுக்குத் தெரிய வேண்டும் என்றுதான் அந்தப் பல்பு. அவரும் மகளும் சேர்ந்து மாட்டியது. வாசலில் மணியை அமுக்கினால் உள்ளே பல்பு இரண்டு தடவை மின்னும்.

மகளைக் குட்டி என்றுதான் வீட்டில் கூப்பிடுவார்கள். முப்பதை எட்டப்போகிறாள், இன்னும் குட்டிதான். வேறு ஊரில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அன்று காலை வாசலை விட்டுக் கிளம்பியதும் அவர் குட்டிக்குத்தான் ஃபோன் செய்திருந்தார். அவள் யாருக்கோ ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தாள், ஃபோனை எடுக்கவில்லை. கம்பெனிக்காரர்கள் பையையும் ஃபோனையும் கொண்டுவந்து கொடுத்தபோது, அந்த எடுக்கப்படாத அழைப்பைத்தான் அம்மா முதலில் பார்த்தாள்.

வீடு நிறைய ஆட்கள் இருந்த நேரத்தில் குட்டி வந்து வாசலில் செருப்பைக் கழற்றினாள். அப்போதுதான் அம்மா அந்த வார்த்தையைச் சொன்னாள்.

“அப்பா கூப்பிட்டப்போ எடுக்க நேரமில்லை. இப்போ மட்டும் எப்படி நேரம் கெடைச்சுது?”

காதில் மெஷின் இல்லை. மகளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி மெதுவாகச் சொன்னதாகத்தான் அவள் நினைத்தாள். தெருவரைக்கும் கேட்டது என்று மூத்த மகன், பெரியவன், பிறகு சொன்னான். அன்று சாயங்காலமே குட்டி கிளம்பிப் போனாள். அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சில்லை.

*

இந்த வாரம் அவளுக்கு ஒரு தங்கும் விடுதியின் தலையணை உறைகள் வந்திருந்தன. எல்லாம் வெள்ளை, எல்லாம் ஒரே அளவு. நேர்க்கோட்டில் தைத்துக்கொண்டே போக வேண்டியதுதான், யோசிக்க ஒன்றுமில்லை. அதனாலேயே அந்த வேலையை அவள் ஒப்புக்கொண்டாள்.

உறைகளை அடுக்கிக்கொண்டிருக்கும்போது எதிரே நிழல் விழுந்தது. நிமிர்ந்தாள். எதிர்வரிசைச் சலவைக் கடைக்காரர், கையில் நாலைந்து சட்டைகளோடு நடு வீட்டில் நின்றுகொண்டிருந்தார். பின்கதவு வழியாக வந்திருக்கிறார்.

காது மெஷினை எடுத்து மாட்டிக்கொண்டு, ஏன் பின்பக்கமாக வந்தீர்கள் என்று கேட்டாள்.

“வேற என்ன பண்ணச் சொல்றீங்கக்கா? உங்க பெல்லை அடிச்சு அடிச்சு என் விரலே தேஞ்சுபோச்சு. நேத்து ரெண்டு தடவை வந்தேன். முந்தாநாள் ஒரு தடவை. ராணி மாதிரி அந்தப் பக்கம் திரும்பி உக்காந்திருக்கீங்க.”

அவள் லேசாகச் சிரித்தாள். அவர் எப்போதுமே ஒன்றைப் பத்தாக்கிச் சொல்கிறவர். சட்டைகளை வாங்கி எந்தெந்தப் பட்டன் போயிருக்கிறது என்று பார்த்தாள். அவர் போகாமல் நின்றார். ஏதோ சொல்ல வந்து, சொல்வதா வேண்டாமா என்று வாயைத் திறந்து மூடுவது தெரிந்தது. காது கேளாதவர்களுக்கு வாய் அசைவதற்கு முன்பே அது தெரிந்துவிடும்.

“என்ன?” என்றாள்.

“ஒண்ணுமில்லக்கா. குடும்ப விஷயம். நான் மூக்கை நுழைக்கக் கூடாது.”

“நுழைச்சாச்சு. சொல்லுங்க.”

“பாப்பாவை அப்படி வெளியில நிக்க வெச்சிருக்க வேண்டாம்னு பட்டுச்சு. அவ்வளவுதான்.”

எந்தப் பாப்பா என்று கேட்டாள். உங்கள் பெண்தான் என்றார். வியாழக்கிழமை மத்தியானம் குட்டி வந்தாளாம். மணியை அமுக்கினாளாம். நின்றாளாம். மறுபடி அமுக்கினாளாம். ஜன்னலருகே போய்க் கண்ணாடி வழியாகப் பார்த்தாளாம், லேசாகத் தட்டியது மாதிரிகூட இருந்ததாம். இவள் திரும்பவே இல்லையாம். கையில் ஓர் அட்டைப்பெட்டி வைத்திருந்தாளாம். அதைப் படியில் வைத்துவிட்டுப் போகப்போகிறாள் என்று அவர் நினைத்தாராம். வைத்தாள், நாலடி போனாள், திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

“கடையை விட்டுட்டு நானே வந்து கதவைத் தட்டலாம்னு பார்த்தேன். இஸ்திரிப் பெட்டி சூட்டுல இருந்துச்சு. அப்புறம், கோபத்துலதான் திறக்கலையோ என்னவோன்னு விட்டுட்டேன்.”

அவள் நிமிர்ந்து பல்பைப் பார்த்தாள். பல்பு எரிந்துகொண்டிருந்தது. எப்போதும் போல நல்ல வெளிச்சமாக எரிந்துகொண்டிருந்தது.

“ஒரு உதவி பண்ணுங்க. வாசல் பக்கமாப் போய் பெல்லை அமுக்குங்க.”

அவர் போனார். கூடத்தில் மணிச் சத்தம் காது மெஷின் வழியாக அவளுக்குக் கேட்டது. பல்பு அசையவில்லை. மறுபடி சத்தம் கேட்டது. பல்பு வெள்ளையாக, நேராக, எரிந்தபடியே இருந்தது.

அப்போதும் அவளுக்கு அழுகை வரவில்லை. இந்த நாட்களில் எதற்கும் வருவதில்லை. மரத்துப்போன காலை ஊன்றுவது மாதிரி இருந்தது. தரை இருப்பது தெரிகிறது, தொட்டது தெரியவில்லை. மேலே கிடந்த ஓர் உறையை எடுத்து நான்காக மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

*

பெரியவன் பின்னறையில் இருந்தான். காப்பீட்டு நிறுவனம் ஒன்றில், ஃபோனில் வரும் புகார்களுக்குப் பதில் சொல்கிற வேலை. அப்பா போன பிறகு அம்மாவைத் தனியாக விட மனமில்லாமல் இங்கேயே வந்து, அவருடைய அறையில் மேஜையைப் போட்டு, காலையிலிருந்து மாலைவரை காதில் ஹெட்ஃபோனோடு உட்கார்ந்திருக்கிறான். ஆக வீட்டில் இரண்டு பேர், இருவருடைய காதும் வாசலுக்கு இல்லை.

அவன் ஓர் அழைப்பை முடிக்கும்வரை அறை வாசலில் நின்றாள். பிறகு பல்பு மின்னவில்லை என்றாள்.

“எரியுதேம்மா?”

“எரியுது. மின்னலை.”

அவன் வந்து பார்த்தான். எழுந்து போய் மணியை அமுக்கிப் பார்த்தான். வைஃபை நன்றாகத்தான் இருக்கிறது என்று தன் ஃபோனில் ஏதோ வீடியோவை ஓடவிட்டுக் காட்டினான். அது தடையில்லாமல் ஓடியது.

“புது ரூட்டரும்மா. பழசைவிட நல்லாவே இழுக்குது.”

அவள் அவனைப் பார்த்தாள். அந்த ரூட்டரை அவன் மாட்டியதே அவளுக்கு இப்போதுதான் நினைவுக்கு வந்தது. பழையது அடிக்கடி விட்டு விட்டு வந்தது, புகார் சொல்கிறவர்கள் பாதியில் அறுந்துபோய் இன்னும் கோபமாகத் திரும்ப வந்தார்கள். அதனால் போன வாரத் தொடக்கத்தில் புதியது வாங்கி வந்து மாட்டினான். அப்பா வைத்த எதையும் குலைக்கக் கூடாது என்று பழைய பெயரையே வைத்தான், பழைய பாஸ்வேர்டையே போட்டான். அப்படிச் செய்தால் வீட்டிலுள்ள எல்லாச் சாமான்களும் ஏமாந்துபோய்த் தானாக ஒட்டிக்கொள்ளும் என்று எங்கோ படித்திருந்தான்.

வைஃபையின் பழைய பெயர், ‘மூணாவது மாடி’. இந்த வீட்டுக்கு மாடியே கிடையாது. தெருவில் புதிதாகக் குடிவருகிறவர்கள் எல்லாரும் ஃபோனில் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு, மூன்றாவது மாடி எங்கே இருக்கிறது என்று ஒருமுறையாவது அண்ணாந்து பார்ப்பார்கள். அதைப் பார்ப்பதில் லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஒரு சந்தோஷம்.

அவள் அலமாரியிலிருந்து அவருடைய ஃபோனை எடுத்துவந்து கொடுத்தாள். தினமும் சார்ஜ் போட்டு வைக்கிறாள். அதிலிருந்த ஆப்பைப் பெரியவன் திறந்தான். வீட்டுச் சாமான்கள் வரிசையாக வந்தன. தண்ணீர் மோட்டாரின் பிளக், வாசல் மணி இரண்டும் நல்ல நிறத்தில் இருந்தன. சமையலறை விளக்கு, பின்வாசல் விளக்கு இரண்டும் சாம்பல் நிறத்தில் கிடந்தன. அவற்றுக்குக் கீழே அதே சாம்பல் நிறத்தில் ஒரு வரி.

‘அம்மா காது: இணைப்பில் இல்லை.’

அந்தப் பெயரை வைத்தது குட்டி. பல்பை மாட்டிய அன்று வைத்தது.

“அப்போ இது ஒட்டவே இல்லை போலிருக்கு,” என்றான் பெரியவன். குரல் இறங்கிவிட்டது. “ஸ்விட்ச் போட்டா எரியும், அதனால நமக்குத் தெரியலை. மத்தது ரெண்டும் ஒட்டியிருக்கு, விளக்குங்க மட்டும் ஏன்...”

ரூட்டரை அணைத்துப் போட்டான். பல்பைக் கழற்றி மாட்டினான். ஸ்டூலின் மேல் ஏறி நின்று, அப்பாவைப் போலவே கழுத்தைச் சாய்த்துப் பார்த்தான். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில், பழைய பல்புகளாக இருக்கிறது, விட்டுவிடலாம், நாளைக்கே புதிதாக வாங்கி மாட்டிவிடுகிறேன் என்றான்.

“வேண்டாம்,” என்றாள்.

பிறகுதான் வியாழக்கிழமை விஷயத்தைச் சொன்னாள். அவன் ஸ்டூலிலிருந்து இறங்கி அதன்மேலேயே உட்கார்ந்தான். வியாழக்கிழமை மத்தியானம் அவன் அந்த அறையில்தான் இருந்தான். எவரோ ஒருவருடைய உடைந்த கார் கண்ணாடியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருப்பான்.

“நான் இப்பவே அவளைக் கூப்பிட்டுச் சொல்றேன்மா. ரூட்டர் மாத்தினதுல பல்பு மின்னலை, அம்மாவுக்குத் தெரியலைன்னு.”

“நீ சொன்னா, நான் சொல்லிக்கொடுத்தேன்னு நினைப்பா.”

“நெசத்தைத்தானே சொல்றோம்?”

“நெசம்தான். யாரு நம்புவா? அவளேதானே அந்தப் பல்பை மாட்டினா.”

அதுதான் இதிலிருந்த சிக்கல். வேறு யாராக இருந்தாலும் அவளுக்குக் காது கேட்காது, மணிச் சத்தம் கேட்டிருக்காது என்று எண்ணிக்கொண்டு போயிருப்பார்கள். குட்டி ஒருத்திக்குத்தான் தெரியும், இந்த வீட்டில் அம்மாவுக்கு மணி கேட்க வேண்டியதில்லை, கண்ணுக்கு முன்னால் வந்து விழும் என்று. குடை கீழ்ப்பக்கம் மட்டும் திறந்த தகரம். பல்பு மின்னுகிறதா இல்லையா என்பது மத்தியான வெயிலில் வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. வெளியே நின்றவளுக்குத் தெரிந்ததெல்லாம் திரும்பாத முதுகு.

*

மத்தியானச் சாப்பாடு ஆறிக் கிடந்தது. அவள் தன் ஃபோனை எடுத்து மகளுக்கு எழுத உட்கார்ந்தாள்.

‘வியாழக்கிழமை நீ வந்தது எனக்குத் தெரியாது’ என்று எழுதினாள். படித்தாள். அழித்தாள். ‘பல்பு வேலை செய்யவில்லை, அதனால்தான்’ என்று எழுதினாள். அதையும் அழித்தாள். தைத்துக் கொடுக்க வேண்டிய துணியைத் தராமல் நாலு காரணம் சொல்கிற தையல்காரியின் பேச்சு மாதிரி இருந்தது அது. அந்தப் பேச்சு அவளுக்கு நன்றாகத் தெரியும். எத்தனையோ பேரிடம் பேசியிருக்கிறாள்.

கடைசியில் கேள்வியாக எழுதி அனுப்பினாள்.

‘என் பல்பு மின்னமாட்டேங்குது. என்ன பண்ணணும்?’

ஃபோனைத் தையல் மேஜைமேல் வைத்தாள். காது மெஷினைக் கழற்றித் தகர டப்பாவில் போட்டுவிட்டுத் தைக்க ஆரம்பித்தாள். பதில் வந்தால் மேஜைப் பலகை முழங்கைக்கு அடியில் அதிரும். மோட்டாரும் அதிரும், ஆனால் அந்த அதிர்வு வேறு, இந்த அதிர்வு வேறு. அவளால் பிரித்துச் சொல்ல முடியும்.

ஓர் உறை முடிந்தது. இன்னொன்று முடிந்தது. அடுக்கு முழங்கை உயரத்துக்கு வந்துவிட்டது. வெயில் ஜன்னலின் ஒரு சட்டத்திலிருந்து அடுத்த சட்டத்துக்கு நகர்ந்திருந்தது.

பலகை அதிர்ந்தது.

‘ரூட்டர் மாத்தினீங்களா?’

அவ்வளவுதான். அம்மா என்றோ, எப்படி இருக்கிறீர்கள் என்றோ இல்லை. அவள் காது மெஷினை மாட்டி, ஃபோனை எடுத்துக்கொண்டு பெரியவன் அறைக்குப் போனாள். அவன் ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜையில் வைத்தான். யாரோ ஒருவர் உள்ளே இன்னும் புகார் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாத்தினோம் என்று எழுதினாள்.

‘சேனல், அதான் அலைவரிசை நம்பர், எத்தனைன்னு பார்க்கச் சொல்லுங்க அண்ணனை.’

அதை எங்கே பார்ப்பது என்று அண்ணனுக்குத் தெரியவில்லை. ரூட்டரின் அடிவயிற்றில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் ஒரு முகவரியும் பாஸ்வேர்டும் இருக்கும், அதைப் போட்டு உள்ளே போகச் சொன்னாள் குட்டி. பெரியவன் ரூட்டரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அம்மாவைப் படிக்கச் சொன்னான். எழுத்து பொடிப்பொடியாக இருந்தது. ஊசியில் நூல் கோக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள். இருவருமாகச் சேர்ந்து ஒருவழியாக அந்தப் பக்கத்துக்குள் நுழைந்தார்கள்.

‘ஆட்டோன்னு போட்டிருக்கு. பக்கத்துல 13ன்னு இருக்கு’ என்று அவள் எழுதினாள்.

இந்தத் தடவை பதில் உடனே வந்தது. நீளமாகவும் வந்தது.

‘அதான். ஆட்டோல விட்டா எது காலியா இருக்கோ அங்க அதுவா போயிடும். 13ல ஃபோன் பிடிக்கும், அதனால நெட் நல்லா இருக்கற மாதிரிதான் தெரியும். அந்த பல்புங்க பழசு. 11 வரைக்கும்தான் அதுக்குத் தெரியும். அதுக்கு மேல ஒண்ணு இருக்குன்னே தெரியாது.’

பிளக்கும் மணியும் மட்டும் எப்படி ஒட்டின என்று அண்ணன் கேட்கச் சொன்னான். அவை போன வருடம் வாங்கியவை, அவற்றுக்குத் தெரியும் என்று வந்தது. அதற்குக் கீழே இன்னொன்று.

‘அப்பா சொல்வாரே. லிஃப்ட் பதிமூணுல நிக்குது, உள்ள பதினொண்ணு வரைக்கும்தான் பட்டன் இருக்கு. யாரைத் திட்டி என்ன பண்றது.’

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். அவர் அப்படிச் சொல்லி அவள் கேட்டதில்லை. அவள் தைத்துக்கொண்டிருந்திருப்பாள். அப்பாவும் மகளும் ஸ்டூலைச் சுற்றி நின்று பேசியது எதுவும் அவள் காதில் விழுந்ததில்லை.

ஆட்டோவை எடுத்துவிட்டு 6 வைக்கச் சொன்னாள் குட்டி. அப்பா எப்போதும் 6தான் வைத்திருப்பார் என்றாள். பெரியவன் 6 வைத்தான். ரூட்டரின் விளக்குகள் எல்லாம் அணைந்து ஒவ்வொன்றாக மறுபடி எரிந்தன. அவன் போய்ப் பல்பின் ஸ்விட்சை அணைத்துப் போட்டான். அவருடைய ஃபோனில் ‘அம்மா காது’ என்ற வரி கொஞ்ச நேரம் சாம்பலாகவே இருந்தது. பிறகு சாம்பல் போய்விட்டது. அவள் தன் ஃபோனைத் தையல் மேஜைமேல் வைத்தாள்.

பலகை அதிர்ந்தது.

‘இப்போ?’

அவள் அந்தச் சொல்லைப் பார்த்தபடி நின்றாள். ஸ்டூலின் மேல் நின்றுகொண்டோ, வாசலில் நின்றுகொண்டோ அவர் கேட்பது அந்த ஒரு சொல்தான். இப்போ? இல்லை. இப்போ? இல்லை. இப்போ? ம். ஒரு பல்பை மாட்டி முடிப்பதற்குள் அந்த வீட்டில் வேறு பேச்சே இருக்காது.

பெரியவன் வாசலுக்கு ஓடினான். பல்பு அணைந்தது, பச்சையாக எரிந்தது. அணைந்தது, பச்சையாக எரிந்தது. வெள்ளைக்குத் திரும்பியது.

‘மின்னுது’ என்று எழுதினாள்.

‘சரி’ என்று வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

*

பெரியவன் தன் புகார்க்காரர்களிடம் திரும்பிப் போனான். போகும்போது, வியாழக்கிழமை விஷயத்தை இப்போது எழுதுங்கள் என்றான். இப்போது எழுதினால் நம்புவாள் என்றான்.

அவள் எழுதினாள். ‘வியாழக்கிழமை நீ வந்ததைச் சலவைக் கடைக்காரர் இன்னைக்குத்தான் சொன்னார்.’ அனுப்பினாள். படித்துவிட்டதற்கான நீல அடையாளம் வந்தது. பதில் இல்லை.

நம்பினாளா இல்லையா என்று தெரியவில்லை. நம்பினாலும் அது வியாழக்கிழமைக்கு மட்டும்தான் பதில். வீடு நிறைய ஆட்கள் நின்ற அந்த நாளுக்கு எந்தச் சேனலையும் மாற்றிப் பயனில்லை. அன்று எதுவும் பழுதாகவில்லை. அன்று சொன்னது அவளேதான்.

அவருடைய ஃபோனை எடுத்து அந்த அழைப்பை மறுபடி பார்த்தாள். இத்தனை நாளும் அதை ஒரு மனிதர் கடைசியாகக் கூப்பிட்ட அழைப்பாகத்தான் பார்த்து வந்திருக்கிறாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டது மாதிரி. ஆனால் அது காலையில், வாசலைத் தாண்டியதும் செய்தது. அப்போது அவருக்கு ஒன்றுமில்லை. ஷூவைப் போட்டுக்கொண்டு, பச்சைக்கு மாற்றி, ஜன்னல் வழியாக ஒரு கையைப் பார்த்துவிட்டுத் தெருவில் இறங்கிய மனிதர். இப்படி ஒரு வேலையைச் செய்துவிட்டு அவர் யாரிடம் சொல்வார்? அவளிடம் சொன்னால் அவளுக்கு என்ன தெரியும்?

அவள் எழுத ஆரம்பித்தாள். இந்த முறை அழிக்கவில்லை.

‘பல்பு இப்போ பச்சையா மின்னுது. முன்னாடி வெள்ளையா இருந்தது. அன்னைக்குக் காலையிலதான் மாத்தினார். மாத்திட்டு உடனே உனக்குப் போன் பண்ணியிருக்கார். அதைச் சொல்லத்தான் இருக்கும். வேற ஒண்ணும் இருந்திருக்காது. நீ எடுத்திருந்தா பச்சையைப் பத்திப் பேசியிருப்பீங்க. அவ்வளவுதான்.’

அனுப்பினாள். இன்னொன்றும் எழுதினாள்.

‘அன்னைக்கு மெதுவாச் சொன்னதா நினைச்சேன். மெதுவாக்கூடச் சொல்லியிருக்கக் கூடாது.’

இரண்டிலும் நீல அடையாளம் வந்தது. குட்டி எழுதுகிறாள் என்று மேலே காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. நின்றது. பிறகு காட்டவே இல்லை.

அந்த அட்டைப்பெட்டியில் என்ன இருந்தது என்று கேட்கவில்லையே என்று அப்போதுதான் நினைத்துக்கொண்டாள். கேட்கலாமா என்று பார்த்தாள். கேட்கவில்லை.

சலவைக் கடைக்காரரின் சட்டைகளுக்குப் பட்டன் வைத்து முடித்தாள். பிறகு காது மெஷினைக் கழற்றி டப்பாவில் போட்டு மூடிவிட்டுத் தலையணை உறைகளுக்குத் திரும்பினாள். உலகம் வழக்கம்போலச் சாத்திக்கொண்டது. காலுக்கு அடியில் மிதிகட்டை, கைக்கு அடியில் துணி, தலைக்கு மேலே வெளிச்சம்.

வெளிச்சம் அணைந்தது. வெள்ளைத் துணி பச்சையானது. மறுபடி அணைந்தது. மறுபடி பச்சையானது.

சட்டைகளுக்காக வந்திருப்பார் என்று எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். வாசலில் யாரும் இல்லை. எதிரே சலவைக் கடைக்காரர் இஸ்திரிப் பெட்டியோடு நின்றிருந்தார். யார் அமுக்கியது என்று கையால் கேட்டாள். யாரும் வரவில்லை என்று தலையை ஆட்டி, இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். அறைக்குள் எட்டிப் பார்த்தாள். பெரியவன் ஹெட்ஃபோனோடு சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தான். அவருடைய ஃபோன் அலமாரியில், வைத்த இடத்தில் இருந்தது.

மறுபடி பழுதாகிவிட்டதோ என்று நினைத்தபடி வந்து உட்கார்ந்தாள். துணியை ஊசிக்கு அடியில் தள்ளினாள்.

அணைந்தது, பச்சை. அணைந்தது, பச்சை.

அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. பல்பை மாட்டிய அன்று அந்த ஆப்பை இரண்டு ஃபோனில் போட்டார்கள். ஒன்று அவருடையது. இன்னொன்று குட்டியுடையது. எங்கே இருந்தாலும் அம்மாவைக் கூப்பிடலாம் என்று அன்று குட்டி சொன்னதை அவர் வாயசைத்துத் திருப்பிச் சொல்லிக் காட்டினார். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இத்தனை நாளும் அந்த ஃபோனிலும் ‘அம்மா காது’ இருந்திருக்கிறது. ரூட்டர் மாற்றியதிலிருந்து அதிலும் சாம்பல் நிறமாகக் கிடந்திருக்கும். குட்டி அதைத் திறந்து பார்த்திருக்க மாட்டாள். இப்போது திறந்திருக்கிறாள்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஜன்னலில் யாரும் இல்லை என்று தெரியும். இடது கையைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினாள். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு இறக்கித் துணியைப் பிடித்துக்கொண்டாள்.

பல்பு இன்னொரு முறை மின்னியது. பச்சையாகத்தான், இரண்டு தடவைதான், அவர் மாற்றி வைத்துவிட்டுப் போன மாதிரியேதான்.